பதம் போகாமல் கூர் தீட்டுவோம்

(நமது பயிற்சிக் கூடத்தில் மரக் கடைசல் பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அஸர் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளே!

எந்தக் காரியத்தையும் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விதியாக்கியிருக்கிறான் என்று அறிவித்த நபி (ஸல்) அவர்கள், அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளும்படி கட்டளையிட்டார்கள். ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) வழியாக வரும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குர்பானி நாளில் இதை நினைக்கிறோம், பட்டறையில் மறந்துவிடுகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சென்ற முறை பயிற்சி முடித்தவர்களுக்கு உளிகள் வாங்கிக் கொடுத்தோம். சாணை பிடிக்கச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் வேகமாகச் சுழலும் காய்ந்த கல்லில் தீட்டினார்கள். சில மாதங்களில் உளிகள் குட்டையாகி, முனை நீலம் பாய்ந்து திரும்பி வந்தன. இரண்டு பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள். நீங்கள் தந்த ஸதகா அமானிதம். அது கல்லில் தேய்ந்து போனதற்கு நாங்களே பொறுப்பு.

அதனால்தான் இந்தத் தண்ணீர்ச் சாணையை வாங்கினோம். காய்ந்த கல் நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை ஓடும். இது ஏறத்தாழ 90 சுற்றுதான். கல்லின் அடிப்பகுதி தண்ணீரில் நனைந்தபடியே சுழல்வதால் உளி சூடாகாது. சாதாரண கார்பன் எஃகு உளி நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த இடம் கூர் நிற்காது. ஹைஸ்பீடு ஸ்டீல் சூட்டைத் தாங்கும், ஆனால் விலை அதிகம். நம் கையில் இருப்பவை பெரும்பாலும் கார்பன் எஃகுதான்.

பிள்ளைகளே, முறையைக் கவனியுங்கள். கல் போதுமான தண்ணீரைக் குடித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தொட்டியில் நீர் குறைந்தால் ஊற்றுங்கள். உளிமுனையின் சாய்வு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். உளியைத் தாங்கியில் வைத்து, மின்சாரம் இல்லாமல் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெட்டுவாய்ப் பக்கம் மட்டும் மை அழிந்தால் கோணம் அதிகம். சாய்வின் பின்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு. முழுவதும் சீராக அழிந்தால்தான் சரி. அதுவரை தாங்கியை ஏற்றி இறக்குங்கள்.

முதலில் மரத்தை உருட்டி எடுக்கும் பெரிய குழி உளிக்கு 45 டிகிரி பொருந்தும். எந்தக் கோணம் வைத்தாலும் அடுத்த முறையும் அதே கோணம் வரவேண்டும். பிடிமானத்திலிருந்து உளி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை ஒரு மரத்துண்டில் குறித்து வையுங்கள். கோணம் மாறாவிட்டால் சிறிதளவு தேய்த்தாலே போதும். உளி பல ஆண்டுகள் வரும். குழி உளியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக உருட்டுங்கள், இல்லையென்றால் வாய் கோணிவிடும்.

வெட்டுவாயின் மறுபக்கத்தில் பிசிறு தட்டுப்பட்டால் தீட்டியது போதும். விரலைக் கூரின் குறுக்கே வைத்துப் பாருங்கள். கூரின் நீளத்துக்கு இழுக்காதீர்கள். பிறகு தோல் சக்கரத்தில் பிசிறை எடுங்கள். தோல் சக்கரம் எப்போதும் வெட்டுவாயை விட்டு விலகும் திசையில் சுழலவேண்டும். எதிர்த்திசையில் வைத்தால் உளி தோலைக் கிழித்துவிடும்.

வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்யுங்கள். கல்லின் ஒரு பக்கம் இரவெல்லாம் நீரில் கிடந்தால் அந்தப் பக்கம் கனத்து, மறுநாள் ஆட்டம் காணும்.

பெற்றோர்களே, மழுங்கிய உளியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அழுத்தும்போதுதான் அது மரத்தில் மாட்டிக் கையை உதறும். கட்டில் கால் வீணாகும், விரலும் போகலாம். பிள்ளை கால் மணி நேரம் சாணையில் நின்றால் வேலை செய்யாமல் நிற்கிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அதுவும் வேலைதான்.

ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நம் பிள்ளைகள் எடுத்திருப்பது கண்ணியமான தொழில்.

இந்தச் சாணை எல்லோருக்கும் பொது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் மஃரிப் வரை கூடம் திறந்திருக்கும். தொழிலை விட்ட அந்த இருவரையும் அழைத்து வாருங்கள். அவர்கள் உளிகளில் நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்து நீக்கிவிட்டால் மீதி எஃகு நன்றாகவே இருக்கும். நாங்கள் உடன் நிற்போம்.

அல்லாஹ் நம் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.