கை வீங்கினால் மறைக்காதீர்கள்

(மும்பையில் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்பகப் புற்றுநோய் என்றாலே நாம் குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, நவராத்திரி சமயத்தில் இடது கையில் வளையல் ஏறவில்லை. யாரிடமும் காரணம் சொல்லாமல், நல்லெண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடச் சொன்னேன். வீக்கம் கூடியதுதான் மிச்சம்.

பிறகு பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறைகிறது. அந்த வீக்கத்துக்கு 'லிம்ஃபடீமா' என்று பெயர். பல வருஷம் கழித்தும் வரலாம்.

இதற்கு ஒரு மசாஜ் உண்டு. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் வகுத்தது. எண்ணெய் இல்லை, அழுத்தமும் இல்லை. தோல் மட்டும் நகரும்படி மெதுவாகத் தடவுவார்கள். முதலில் கழுத்து, பிறகு மார்புப் பகுதி, கடைசியில்தான் கை. வழியைத் திறந்துவிட்டுத்தானே நீரை நகர்த்த முடியும்! அதோடு அழுத்தக் கட்டு அல்லது உறை, கைப்பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாம் சேர வேண்டும். கை சிவந்து, சூடாகி, ஜுரம் வந்தால் மசாஜ் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எனக்கு வீக்கம் பெரும்பாலும் வடிந்தது. உறையை இன்றும் அணிகிறேன். நானே பார்க்கக் கூசிய தழும்பை அந்தப் பெண் தயங்காமல் தொட்டபோது என் கூச்சமும் போயிற்று.

சகோதரிகளே, வளையல் இறுகினால் மறைக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.