காரில் கேட்கும் குரல்



கார் வாங்கும்பொழுது நாம் பல கேள்விகள் கேட்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், பின்னிருக்கையில் மூவர் வசதியாக அமரலாமா, பழுது பார்க்கும் செலவு எவ்வளவு ஆகும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால், அதில் பொருத்தப்பட்டு வரும் ஸ்டீரியோவைப் பற்றியும் ஸ்பீக்கர்களைப் பற்றியும் கேட்பவர் அரியர். சில மாதங்கள் சென்ற பின்னரே அவற்றின் குறை நமக்குப் புலப்படுகிறது. உடனே கடைக்குச் சென்று அவற்றை மாற்ற முற்படுகிறோம். அவ்வாறு மாற்றும்பொழுது நாம் உண்மையில் எதைத் தேடுகிறோம், சத்தத்தையா, தெளிவையா என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

நாங்கள் குடியிருப்பது புனே நகரை ஒட்டிய லோஹேகாவில். இங்குள்ள விமானத் தளம் 1939-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இன்று விமானப் படையின் சுகோய் போர் விமானங்களும் பொதுமக்கள் செல்லும் பயணி விமானங்களும் ஒரே ஓடுபாதையிலிருந்து எழும்புகின்றன. போர் விமானம் தலைக்கு மேல் செல்லும்பொழுது வீட்டில் பேச்சு தானே நின்றுவிடும். அது கடந்த பின்னர், விட்ட சொல்லிலிருந்து மீண்டும் தொடங்குவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆகவே, இரைச்சலுக்கும் பேச்சுக்கும் நடக்கும் போட்டியை நாங்கள் நாள்தோறும் கண்டு வருகிறோம்.

எங்கள் அன்னையாருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் சிகிச்சைக்காக வாரம் இரு முறை அவரை விமான் நகர், எரவடா வழியே நகரத்துக்குள் அழைத்துச் செல்கிறோம். போக்குவரத்து நெரிசலில் போய் வர நெடுநேரம் ஆகும். அந்த நேரத்தில் கைப்பேசி வழியாகத் தமிழ்நாட்டு வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிகளைக் காரில் ஒலிக்கச் செய்வோம். தமிழ்ப் பேச்சு அருகியிருக்கும் ஊரில் அது அவருக்குப் பெரும் துணை. ஆனால், சில காலமாக அவர் ஒன்றும் கேட்காமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வரலானார். காரணம் வினவியபொழுது, “சத்தம் வருகிறது அப்பா, பேச்சுத்தான் வரவில்லை. எனக்குத்தான் காது போய்விட்டது போலும்” என்றார்.

இக்குறையைத் தீர்க்க எண்ணி, நாம் முதலில் செய்தது பெரும் பிழை. ஒரு கடையில் கூறியதை நம்பி, காரின் பின்புறத்தில் தாழ்ந்த ஒலிகளை முழக்கும் சப்வூஃபர் ஒன்றைப் பொருத்தினோம். மிருதங்கத்தின் தொப்பி இடியெனக் கேட்டது. இருக்கை அதிர்ந்தது. பேச்சோ முன்னிலும் மங்கிப் போயிற்று. அன்னையார் செவிகளைக் கையால் பொத்திக்கொண்டார்.

எங்கள் அண்டை வீட்டில் ஒரு மராட்டியப் பெரியவர் இருக்கிறார். விமானப் படையில் வானொலிக் கருவிகளைச் செப்பனிடும் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைக் ‘காகா’ என்று அழைப்பது வழக்கம். அவர் நமது காரின் கதவை விரல் முட்டியால் இரு முறை தட்டினார். அது காலித் தகர டப்பாவைப் போல ஓசையிட்டது. “உங்கள் ஸ்பீக்கரோடு இந்தத் தகரமும் சேர்ந்து பாடுகிறது. முதலில் இதை வாய் மூடச் செய்யுங்கள்” என்றார். அன்று அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையுமே இங்குக் கூற விரும்புகிறோம்.

மொழியைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அவருடைய விளக்கம் எளிதில் விளங்கிற்று. தமிழ் இலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரிக்கிறது. பேச்சொலியில் உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் நொடிக்கு ஆயிரம் அதிர்வுகளுக்குக் கீழே அமைந்துள்ளது. மெய்யெழுத்துகள் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய அடையாளங்களோ இரண்டாயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்டவை. வலிமையிலும் மிகக் குறைந்தவை. முதுமையில் செவியின் ஆற்றல் குறையும்பொழுது, உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறனே முதலில் தேய்கிறது. சாலையில் உருளும் டயரின் இரைச்சலும் எஞ்சினின் உறுமலும் தாழ்ந்த அதிர்வுகளில் மிகுந்தவை. தாழ்ந்த ஒலி வலுத்தால் அது தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் என்பது ஒலி நூலார் கண்ட உண்மை. இவை யாவும் ஒன்றுகூடினால் விளைவு யாது? உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. ‘சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை’ என்று அன்னையார் கூறியது முற்றிலும் சரியான கணிப்பே. நாமோ சப்வூஃபரை வைத்து, மறைக்கும் ஒலியை மேலும் பெருக்கினோம்.

கார் வானொலியின் வரலாறும் இதையே கூறுகிறது. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930-ஆம் ஆண்டில் கார்களில் பொருத்தக்கூடிய வானொலியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மோட்டோரோலா என்னும் பெயர் அதற்கு இடப்பட்டதே. அக்காலப் பொறியாளர்களை வாட்டிய பெருந்தொல்லைகளுள் ஒன்று, எஞ்சினில் தோன்றும் மின்பொறிகள் வானொலியில் கரகரப்பை உண்டாக்கியதாகும். அதை அடக்கிய பின்னரே குரல் கேட்டது. பின்னர் 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழையும், 1982-இல் குறுந்தட்டும் வந்தன. இன்று கைப்பேசி வந்துள்ளது. கருவிகள் மாறினும், இரைச்சலைக் குறைப்பதே முதல் வேலை என்னும் விதி மாறவில்லை.

இனி, ஒலியை மேம்படுத்த விரும்புவோர் எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது படிக்குச் செலவே இல்லை. கருவியிலேயே தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் கூட்டவும் குறைக்கவும் வழியுண்டு. பேச்சைக் கேட்கும்பொழுது தாழ்ந்த ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னிருக்கையில் முதியவர் இருந்தால் ஒலியைப் பின்புறம் நகர்த்தலாம். டயர்களில் காற்றளவு சரியாக உள்ளதா, கதவு விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை கிழிந்துள்ளதா என்றும் பார்த்தல் நன்று.

இரண்டாவது படி கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்பொழுது பின்னே இழுக்கிறது. முன்புற ஒலியும் பின்புற ஒலியும் கலந்தால், தாழ்ந்த அதிர்வுகளில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆதலால், வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. காரில் கதவே பெட்டி. அந்தப் பெட்டியோ மெல்லிய தகடு. நடுவே பல துளைகள். தகட்டின் உட்புறத்தில், ஒரு பக்கம் அலுமினியத் தாள் கொண்ட ரப்பர் போன்ற பிசின் விரிப்பை ஒட்டினால் அதன் அதிர்வு அடங்கும். உட்தகட்டின் துளைகளையும் மூட வேண்டும். ஆனால், இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மழைநீர் கண்ணாடி வழியே கதவினுள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேறுகிறது. அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். மேலும், சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணர்ந்து காற்றுப்பைகளை விரிக்கும் கருவி கதவினுள் உள்ளது. அது கதவினுள் எழும் காற்றழுத்தத்தை அளந்து இயங்குவதாயின், துளைகளை மூடுவது அதன் கணிப்பைப் பிறழச் செய்யலாம். நமது காரில் அது உள்ளதா என்பதைத் தயாரிப்பாளரின் பணிமனையில் கேட்டறிந்த பின்னரே கைவைக்க வேண்டும்.

மூன்றாவது படி ஸ்பீக்கர். தொழிற்சாலையில் பொருத்தப்படுபவற்றுள் பல, ஒற்றைக் காகிதக் கூம்பு கொண்ட எளிய ஸ்பீக்கர்கள். அவை கதவின் அடியில் அமர்ந்து நமது முழங்காலை நோக்கி ஒலிக்கின்றன. உயர்ந்த அதிர்வுகள் ஒளிக்கற்றையைப் போல நேராகச் செல்பவை. வழியில் தடை நேர்ந்தால் மங்கிவிடும். ஆதலால், ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கரைத் தனியே செவியின் உயரத்துக்கு அருகில் அமைத்தல் சிறந்தது. வாங்கும்பொழுது ‘இத்தனை வாட்’ என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கலாகாது. ஒரு வாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பதைக் கேட்க வேண்டும். மூன்று டெசிபல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கர், இரு மடங்கு மின்வலிமை கொண்ட கருவிக்கு ஈடாகும்.

நான்காவதாகவே ஸ்டீரியோவும் அம்ப்ளிஃபையரும் வருகின்றன. விளம்பரங்களில் ‘ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட்’ என்று காண்கிறோம். ஓடும் காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி உறுப்பு இல்லாத சாதாரண ஸ்டீரியோ, இக்கணக்கின்படி, சிதைவின்றித் தொடர்ந்து 26 வாட்டுக்கு மேல் தர இயலாது. 50 என்பது கணநேர உச்சத்தைக் குறிக்கும் எண்ணே. மேலும், இக்காலக் கார்களில் பின்னோக்கும் காமிராவும் ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்களும் அந்தக் கருவியோடு பிணைந்துள்ளன. ஆகவே, அதை அப்படியே விட்டு, தேவைப்பட்டால் தனி அம்ப்ளிஃபையர் சேர்ப்பதே பலருக்கும் ஏற்றது.

எதைச் செய்யினும், தொழிற்சாலை வயர்களை வெட்டலாகாது. காருக்குப் பொருந்தும் கப்ளர்கள் கடைகளில் கிடைக்கின்றன. வயரை வெட்டினால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். முறையற்ற இணைப்புச் சூடேறித் தீயும் விளையலாம். அம்ப்ளிஃபையருக்குப் பாட்டரியிலிருந்து நேரே செல்லும் வயரில், பாட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருத்தல் இன்றியமையாதது. வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னுமொன்று கூற வேண்டும். காருக்குள் எழும் முழக்கம் காருக்குள்ளேயே நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. அன்றியும், ஆம்புலன்சின் ஒலியைக் கேட்க முடியாத ஓட்டுநர் கண்ணைக் கட்டிக்கொண்டு செல்பவருக்கு ஒப்பாவார்.

நாம் சப்வூஃபரை அகற்றினோம். நான்கு கதவுகளையும் செப்பனிட்டோம். பின்கதவுகளில் ட்வீட்டரோடு கூடிய ஸ்பீக்கர்களைப் பொருத்தினோம். ஸ்டீரியோ பழையதே. கூடவே, அன்னையாரைச் செவி மருத்துவரிடமும் காட்டினோம். உயர்ந்த அதிர்வுகளில் ஓரளவு குறை இருப்பது தெரிந்தது. ஆகவே, தவறு முழுவதும் காரினுடையதன்று. முழுவதும் காதினுடையதும் அன்று. காதில் இருந்த சிறு குறையைக் காரின் குறை பெருங்குறையாக்கிற்று. வீட்டில் முதியவர் ஒருவர் பேச்சைக் கேட்காமல் ஒதுங்கத் தொடங்கினால், அதை முதுமையின் இயல்பென்று விட்டுவிடாமல் இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம்.

சென்ற வாரம் எரவடா அருகே நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். வானொலியில் ஒருவர் உழவைப் பற்றி உரை நிகழ்த்தினார். பின்னிருக்கையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது: “மழை என்பதை மலை என்கிறாரே, இவருக்கு யார் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள்?” அந்தப் பேச்சாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, நாம் மனமார மகிழ்ந்தோம்.