மாரோ: ஒத்தாரைக் குறித்த ஒரு சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் உரையாற்றக் கற்றறிந்தோர் வருகின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடும் கோப்பும் புரட்டிவரும் நாம் அத்துறையில் வாய் திறப்பது பொருந்தாது. ஆயினும் அகராதி பார்க்கும் பழக்கம் ஒன்று நமக்கு உண்டு. அப்பழக்கத்தால் அறிமுகமான ஓர் அயல்நாட்டுச் சொல்லின் கதையை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அச்சொல் ஸ்காட்லாந்து நாட்டினது, 'மாரோ' என்பது. அந்நாட்டின் வடமேற்கு மலைப்பகுதியில் கேலிக் என்னும் மொழி வழங்கிவந்தது. தெற்கிலும் கிழக்கிலும் உள்ள தாழ்நிலங்களில் வழங்குவது ஸ்காட்ஸ் மொழி. இது ஆங்கிலத்தோடு ஒரு வயிற்றில் பிறந்த உடன்பிறப்பு. ஆயினும் தனக்கென நூற்செல்வமும் சொற்செல்வமும் உடையது. அதன் சொற்களைத் தேடித் தொகுத்த ஜான் ஜேமிசன் என்பார் 1808-இல் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளியிட்டார். பின்னர் வந்த ஸ்காட்லாந்து தேசிய அகராதி 1931-இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக 1976-இல் நிறைவுற்றது. நாற்பத்தைந்து ஆண்டுப் பணி! ஒருவர் அலுவலில் சேர்ந்து ஓய்வு பெறுவதற்கும் அவ்வளவு காலம் ஆவதில்லை.

மாரோ என்னும் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல. உடன் உழைப்பவன் ஒரு பொருள். தரத்திலும் திறத்திலும் ஒத்தவன் மற்றொரு பொருள். கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் மாரோ. கையுறை, காலணி போன்ற இரட்டைப் பொருள்களில் ஒன்றுக்கு மற்றொன்று மாரோ. நம் 'இணை' என்னும் சொல் ஏறக்குறைய இவ்வளவு பொருளையும் தாங்கும் என்பதை நீங்களே உணர்வீர்கள். எலும்பினுள் உள்ள மஜ்ஜைக்கும், பூசணி இனத்துக் காய் ஒன்றுக்கும் ஆங்கிலத்தில் மாரோ என்ற பெயர் உண்டே எனின், அது வேறு, இது வேறு; ஒலியளவில் மட்டுமே ஒற்றுமை.

இச்சொல் 15ஆம் நூற்றாண்டு முதல் எழுத்தில் காணப்படுகிறது. எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்க்குள் உறுதியான முடிவு இல்லை. கடல் கடந்து வந்த நார்வே நாட்டார் மொழியில் 'பல' என்றும் 'நட்புடைய' என்றும் பொருள்படும் ஒரு சொல் உண்டு. அதன் வழியே வந்திருக்கலாம் என்பர் சிலர். வழித்தோன்றல் தெரியாத சொல் ஒன்று ஒத்தாரைக் குறிக்க அமைந்தது நமக்குப் பொருத்தமாகவே படுகிறது. குலங்கோத்திரம் கேட்பவர்க்கு அது விடை சொல்லாது.

இதே பொருளில் அந்நாட்டில் வழங்கிய இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு வழித்தோன்றல் மிகத் தெளிவு. 'சமம்' என்று பொருள்படும் 'பார்' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழி வழியாக வந்து 'பியர்' ஆயிற்று. நிலமானிய முறையில் ஒரே தலைவனிடம் நிலம் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் பியர். அவர்களுள் ஒருவன்மீது வழக்கு வந்தால், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவனை ஒத்த பியர்களே. இங்கிலாந்தில் 1215-ஆம் ஆண்டின் மகா சாசனமும் ஒத்தாரின் தீர்ப்பின்றி ஒருவனைச் சிறையிடலாகாது என்றே விதித்தது. மிக உயர்ந்த கருத்து, ஐயமில்லை.

ஆனால் அச்சொல்லின் பிற்காலப் போக்கைப் பாருங்கள். அரசனிடம் நேரே நிலம் பெற்றோர் அனைவர்க்கும் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தில் இடமிருந்தது. சிறு நிலக்காரர்க்குப் பாராளுமன்றம் கூடும் ஊர் வரை சென்று தங்குவது பெருஞ்செலவு. ஆகவே அவர்கள் தம் வட்டத்துக்கு இருவரைத் தேர்ந்தனுப்பலாம் என 1428-இல் ஒரு சட்டம் பிறந்தது. அது 1587-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சிறியோர் இவ்வாறு ஒதுங்க, பெரியோர் மட்டும் நேரே அழைப்புப் பெற்று அமர்ந்தனர். டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட் எனப் படிகள் எழுந்தன. ஐந்தாவதும் கடைசியுமான படிக்குப் 'பாராளுமன்றப் பிரபு' என்று பெயர். ஐந்து படிகளிலும் நிற்போர் அனைவரும் பியர்கள்! சமமானவர் என்ற சொல் பிரபு என்று பொருள்படலாயிற்று.

படிகள் வந்துவிட்டால் எவர் முன், எவர் பின் என்ற சண்டை வாராதிருக்குமா? வந்தது. ஊர்வலத்தில் எவர் முதலில் நடப்பது, வாக்களிக்கையில் எவர் பெயர் முதலில் அழைக்கப்படுவது என்று பிரபுக்களுக்குள் ஓயாத பூசல். ஆறாம் ஜேம்ஸ் மன்னர் ஆணையர் குழு ஒன்றை அமைத்தார். பிரபுக்கள் தத்தம் பழம்பட்டயங்களைக் காட்டினர். அவற்றைப் பார்த்து, 1606 மார்ச்சு மாதத்தில் வரிசைத் தீர்ப்பு என்ற பட்டியல் வெளியாயிற்று. எவர் பட்டயத்தின் தேதி முந்தியதோ அவர் முன்னே. நம் அலுவலகத்துச் சீனியாரிட்டிப் பட்டியலை அறிந்த அன்பர்கட்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. ஒரே கிரேடு, ஒரே சம்பளம். ஆனால் சேர்ந்த தேதி ஒரு நாள் முந்தியதற்காக ஓய்வு பெறும் நாள் வரை ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நிற்பதை நாம் காண்கின்றோம் அன்றோ? இன்று மாலை இம்மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருப்பதைக் கண்டபோதும் அவ்வாண்டே நினைவுக்கு வந்தது. சந்தா யாவர்க்கும் ஒன்றே. குறையாகக் கூறவில்லை, விழாக் குழுவினர் பொறுத்தருள்க.

அதே 1606-ஆம் ஆண்டில் அதே நாட்டின் பாராளுமன்றம் மற்றொரு சட்டமும் இயற்றியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியையும் உப்புக் காய்ச்சும் தொழிலாளியையும், அவர்தம் பழைய எஜமானனிடமிருந்து விடுதலைச் சான்று இல்லாமல் எவரும் வேலைக்கு அமர்த்தலாகாது என்பது அச்சட்டம். சான்று தருவது எஜமானன் விருப்பம். அவன் தராவிடில் தொழிலாளி அச்சுரங்கத்தோடு கட்டுண்டவனே. விட்டுச் சென்றவன் திருடனாகக் கருதப்பட்டான். எஜமானனுக்குரிய தன் உடலையே அவன் திருடிச் சென்றானாம்! இக்கட்டினைத் தளர்த்த 1775-இல் ஒரு சட்டமும், அறவே நீக்க 1799-இல் ஒரு சட்டமும் வேண்டியிருந்தன. இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்! மேலே பியர்களுக்கு வரிசை வகுத்த ஆண்டே கீழே உழைப்பாளிக்கு விலங்கு பூட்டிய ஆண்டாகவும் அமைந்தது. மாரோ என்னும் சொல்லின் இருப்பிடம் இக்கீழ்த்தளந்தான்.

முதலில் வயலைக் காண்போம். சிறு உழவன் ஒருவனிடம் உள்ள குதிரை ஒன்று. கலப்பை இழுக்க இரண்டு வேண்டும். அவன் அண்டை நிலக்காரனோடு சேர்ந்து, இரு குதிரைகளையும் ஒரே ஏரில் பூட்டி, இருவர் நிலத்தையும் மாறி மாறி உழுவான். இவ்வாறு கூட்டுச் சேர்வதற்கும் மாரோ என்பதே வினைச்சொல். ஒற்றை மாடு உள்ளவர் இருவர் சேர்ந்து உழுவதை நம் ஊர்ப்புறத்தில் பார்த்தவர் இவ்வவையிலும் இருப்பர்.

அடுத்துச் சுரங்கம். ஸ்காட்லாந்தின் எல்லையைக் கடந்து தெற்கே வந்தால் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் ஆகிய நிலக்கரி வட்டங்கள். எல்லைக்கோடு அரசர்க்கு உரியது. சொல்லுக்கு அது தெரியாது. அங்கும் இதே சொல் 'மாரா' என்று மருவி வழங்கியது. அங்கே அதன் பொருள் கூர்மையடைந்ததால் சிறிது விரித்துரைப்போம்.

சுரங்கத்தில் எல்லா இடமும் ஒரே தன்மையன அல்ல. ஓரிடத்தில் கரி இளகி எளிதில் வரும். ஓரிடத்தில் பாறைபோல் இறுகியிருக்கும். ஓரிடத்தில் நீர் ஊறி முழங்கால் நனையும். கூலியோ வெட்டிய எடைக்குத்தான். நல்ல இடத்தை வேண்டியவர்க்குக் கொடுத்து வேண்டாதவரைப் பட்டினி போடுவது மேலாளர்க்கு எளிது. ஆகவே அங்குத் தொழிலாளர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவுளச்சீட்டுப் போட்டு இடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 'கேவில்' என்று இதற்குப் பெயர். நல்ல இடம் வாய்த்தாலும் கெட்ட இடம் வாய்த்தாலும் அக்காலாண்டு முடியும்வரை அதுவே. எவரும் எவர்மீதும் குறைகூற இயலாது.

அவ்வாறு கிடைத்த இடத்தைப் பங்கிட்டுக்கொள்வோர்தாம் மாராக்கள். பெரும்பாலும் ஒருவன் ஒரு ஷிப்டிலும் மற்றவன் அடுத்த ஷிப்டிலும் வெட்டுவர். ஒருவன் வெளியேறும்போது மற்றவன் உள்ளே நுழைவான். ஓரிரு சொல் பேசப் பொழுது கிடைத்தால் பெரிது. கரி நிறைந்த வண்டியில் தம் அடையாளவில்லையைத் தொங்கவிடுவர். இருவர் கூலியும் ஒரே சீட்டில் வரும். அதை அவர்கள் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வர்.

இதனுள் அடங்கிய நம்பிக்கையை எண்ணிப் பாருங்கள். தான் வியர்வை சிந்த வெட்டிய பொழுதில் மற்றவன் சோம்பியிருந்தால் தன் வீட்டு ரொட்டி குறையும். மற்றவன் கூரைக்கு முட்டு ஒழுங்காகக் கொடாமற் போனால் தன் தலைமேல் பாறை விழும். அவன் பணியைப் பார்க்கத் தான் அங்கு இருப்பதில்லை. இருட்டிலே அவன் விட்டுச்சென்ற இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் அவன் எத்தகையவன் என்று அறிய வேண்டும். பட்டயத்தில் தேதி பார்த்து ஒத்தவனைத் தேர்ந்த முறைக்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. நமது நீராவி எஞ்சின் நாளில் டிரைவருக்கும் பயர்மேனுக்கும் இடையே இருந்த பிணைப்பைக் கேட்டறிந்தோர் இதனை ஓரளவு உணர்வர். ஆயினும் அங்கே இருவர்க்கும் சம்பளம் வேறு. இங்கே பாதிக்குப் பாதி.

இச்சொல் கவிஞர்களையும் கவர்ந்தது. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் யாரோ என்று ஓர் ஆறு. பெயரே எதுகையாக அமைந்துவிட்டது; பிறகு கேட்பானேன்! பாங்கூர் ஊர் வில்லியம் ஹாமில்டன் 18ஆம் நூற்றாண்டில் அவ்வாற்றங்கரையைப் பாடியபோது மணமகளை மாரோ என்று அழைத்தார். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1803-இல் தம் தங்கை டாரதியோடு ஸ்காட்லாந்தில் பயணம் செய்தார். யாரோ ஆற்றைப் பாராமலே திரும்பியதைப் பற்றி ஒரு பாட்டும் எழுதினார். அதில் தம்முடன் வந்தவளை அதே சொல்லால் விளித்தார். ஒருவர்க்கு மனைவியைக் குறித்த சொல் மற்றொருவர்க்கு உடன்வந்த தங்கையைக் குறிக்க உதவிற்று. பெண்ணைத் துணை என்று பலமொழிகளும் கூறும். ஒத்தவள் என்ற பொருளும் அதிலேயே கலந்து நிற்கும் சொல் எத்தனை மொழியில் உண்டு என்பதைத் தாய்மார்கள் கணக்கிட்டுச் சொன்னால் நலம்.

இன்னொரு வேடிக்கை. பியர் என்பதோடு இன்மைப் பொருள் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'நிகரற்ற' என்னும் பெரும்புகழ்ச் சொல் பிறக்கிறது. மாரோ என்பதோடு அதனைச் சேர்த்தால் ஸ்காட்ஸ் மொழியில் நிகரற்றது என்றும் பொருள். ஜோடி தொலைந்து ஒற்றையாய்க் கிடக்கும் கையுறை என்றும் பொருள். மணமாகாதவர் என்றும் பொருள். நாமும் இணையற்ற தலைவர் என்று மேடையில் மாலை சூட்டுகின்றோம். வீட்டு வாயிலில் இணையற்றுக் கிடக்கும் செருப்பைக் கண்டால் மற்றதை நாய் கொண்டுபோயிற்றா என்று தேடுகின்றோம். அபர்தீன் பகுதியாரின் பேச்சில் பியர் என்று ஒலித்தால் 'ஏழை' என்று பொருளாம். வேறு சொல்லின் திரிபுதான். எனினும் பிரபுக்கள் அவ்வூர்ப் பக்கம் செல்கையில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

பியர்களின் பிற்காலத்தையும் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் வந்தபோது ஸ்காட்லாந்தின் பியர்கள் ஏறத்தாழ 150 பேர். பிரபுக்கள் சபையில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ 16. ஆகவே தமக்குள் தேர்தல் நடத்திப் பதினாறு பேரை அனுப்பிவந்தனர். ஏனையோர் ஊரிலேயே இருந்தனர். இங்கிலாந்தின் பியர்க்கோ தேர்தல் ஏதும் இல்லை. சமமானோருள்ளும் சமமின்மை! 1963-இல் ஒரு சட்டம் அவர்கள் அனைவர்க்கும், தம் உரிமையாலேயே பட்டம் பெற்ற பெண்மணிகளுக்கும், சபையின் கதவைத் திறந்தது. 1999-இல் மற்றொரு சட்டம் பரம்பரைப் பியர்களுள் 92 பேரை நிறுத்திக்கொண்டு ஏனையோரை வெளியே அனுப்பிற்று. ஒத்தாரே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற பழைய உரிமை, அச்சொல்லுக்கு உயிராக இருந்தது, 1948-லேயே பிரபுக்களைப் பொறுத்தவரை நீக்கப்பட்டுவிட்டது.

சுரங்கங்களும் மூடப்பட்டன. நார்தம்பர்லாந்தில் எலிங்டன் சுரங்கம் 2005-இல் மூடப்பட்டதோடு அவ்வட்டாரத்தின் ஆழ்சுரங்கத் தொழில் முடிவுற்றது. கேவில் சீட்டும் இல்லை; ஒரே கூலிச்சீட்டும் இல்லை. ஆயினும் அவ்வட்டாரத்திலும், மேற்கே கம்பிரியாவிலும், கடைத்தெருவில் எதிர்ப்படும் ஒருவரை, அவர் எத்தொழில் செய்பவரென்றும் பாராமல், 'மாரா' என்று இன்றும் விளிக்கின்றனர்.