முன்சீப் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு மாணவர்களிடம், "நீங்கள் யாராக வர விரும்புகிறீர்கள்?" என்று ஆண்டுதோறும் கேட்பது என் வழக்கம். போலீஸ், நர்ஸ், ஒரகடத்தில் கம்பெனி வேலை என்பார்கள். நீதிபதி என்று சொன்ன பிள்ளையை நான் கண்டதில்லை. நீதிபதி என்றால் திரைப்படத்தில் மேசையைத் தட்டுபவர் என்ற அளவில்தான் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆகவே இன்று நீதியரசர் அ. வரதராசனைப் பற்றிப் பேச வந்தேன்.

அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அண்ணல் அம்பேத்கர். அச்சட்டத்தின் வழியே 1950இல் பிறந்தது உச்ச நீதிமன்றம். அதில் நம்மவர் ஒருவர் அமர முப்பது ஆண்டுகள் ஆயின. 1980 டிசம்பர் 10ஆம் நாள் அமர்ந்தவர்தான் வரதராசன். பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக்காரர். 1920இல் பிறந்தவர். மாவட்ட முன்சீபாக நீதித்துறையில் நுழைந்து, படிப்படியாக உயர்ந்து, 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கும் நம்மவரில் முதல்வர் அவரே.

அவர் அங்கே என்ன செய்தார்? ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் தூக்குத்தான், நீதிபதி வேறெதையும் எண்ணிப் பார்க்கக் கூடாது என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. 1983இல் அதைச் செல்லாது என்று அறிவித்த ஐவரில் அவரும் ஒருவர். மறு ஆண்டு, மனைவியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்ற சாரதா என்பவரின் மேல்முறையீட்டை விசாரித்த மூவரில் ஒருவராக இருந்தார். நேரில் கண்ட சாட்சி இல்லை. சூழ்நிலைச் சாட்சியச் சங்கிலியில் கண்ணி விட்டுப் போயிருந்தது. அவர் விடுதலை செய்யப்பட்டார். அத்தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். உயர் நீதிமன்றத்தை அடைந்தபோது அவருக்கு வயது 52; உச்ச நீதிமன்றத்தில் 60. அங்கே ஓய்வு வயது 65 ஆதலால் 1985 ஆகஸ்டில் விடைபெற்றார். ஐந்து ஆண்டு முழுதாக இல்லை! கீழ்ப்படியில் காலந்தாழ்ந்து கால் வைப்பவருக்கு மேற்படி வருமுன் ஓய்வு வந்துவிடும். கே.ஜி. பாலகிருஷ்ணன் 2007இல் தலைமை நீதிபதியே ஆனார். ஆயினும் 2010இல் அவர் ஓய்வு பெற்றபின், 2019இல் பி.ஆர். கவாய் வரும்வரை நம்மவர் ஒருவரும் அங்கில்லை. கவாயும் 2025இல் தலைமை நீதிபதியானார்.

நம் பிள்ளைகள் விரைந்து தொடங்க வேண்டும். புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரியே இருக்கிறது. தடை வேறிடத்தில். உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜூனியராக நிற்கும் அம்மூன்றாண்டும் சோறு யார் போடுவது? பக்கத்து வீட்டுப் பையன் மாதம் பிறந்ததும் கம்பெனிச் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கும்போது, எந்தத் தகப்பன் பொறுத்திருப்பான்?

தலைவர் அவர்களே, விழா நிதியில் மண்டபம் கட்டுவதாகக் கேள்விப்பட்டேன். மண்டபம் சில ஆண்டு பொறுக்கட்டும். ஆண்டுக்கு ஒரு சட்டப் பட்டதாரிக்கு, ஆணோ பெண்ணோ, அந்த மூன்றாண்டுச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். முதல் தவணையாக என் ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன்.