வட்டுக்கோட்டைத் தேவாலயம்

யாழ்ப்பாணப் பட்டினத்திற்கு வடமேற்கே, பனந்தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த வட்டுக்கோட்டைக் கிராமத்திலே பழமை வாய்ந்த தேவாலயம் ஒன்று உளது. வானளாவிய கோபுரமோ, கண்ணைப் பறிக்கும் சிற்பமோ அதன் பெருமையன்று. மூன்று ஆட்சிகளைக் கண்டும் வாழ்வு குன்றாது நிற்பதே அதன் பெருமை.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்களைக் கோயிற்பற்றுகளாக வகுத்து ஆலயங்களை அமைத்தனர். 1658இல் நாட்டைக் கவர்ந்த ஒல்லாந்தர் அவற்றைத் தம் சபைக்கு உரியனவாக்கினர். அக்காலத்துப் போதகராகிய பால்தேயஸ் என்பார் எழுதி, 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான நூலிலே இவ்வாலயங்கள் பலவற்றின் சித்திரங்களை இன்றும் காணலாம்.

இவ்வாலயங்களின் அமைப்பு எளிமையானது. கடல் ஈந்த முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தினால் இணைத்துத் தடித்த சுவர்களை எழுப்பினர். நீண்ட மண்டபமும், பீடப் பகுதியைப் பிரித்துக் காட்டும் வளைவும் அதன் முக்கிய உறுப்புகள். சுவர் தடித்திருப்பதால் வெயில் உள்ளே ஏறுவதில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் ஆலயமே பாடசாலையாகவும் விளங்கிற்று. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. அப்பதிவு சொத்துரிமைக்கும் சான்றாயிற்று. ஆகவே பலர் பெயரளவிற் கிறிஸ்தவராயினர். உள்ளத்திற் சைவராகவே வாழ்ந்தனர். 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமானதும் கட்டாயம் நீங்கிற்று, ஆலயங்கள் வெறுமையாயின. கூட்டம் கலைந்தபின் கூரையும் நெடுநாள் நிலைக்கவில்லை.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து சேர்ந்தனர். தேசாதிபதி பிறவுண்றிக் வட்டுக்கோட்டை ஆலயத்தை அவர்கள் பயன்படுத்த இணங்கினார். மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ் என்போர் இடிபாடுகளைத் திருத்தினர். 1823இல் அவ்வூரிலே செமினறி என்னும் உயர்கல்விக்கழகம் தோன்றிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கரல் விசுவநாதபிள்ளையும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு பயின்றோரே. 1855இல் செமினறி மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்வூரில் உதயமாயிற்று. 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது, அக்கிராம ஆலயம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமாக உயர்ந்தது.

அயலிலுள்ள சங்கானையிலும் அதே காலத்து ஆலயம் ஒன்று இருந்தது. கல்லும் அதுவே, சாந்தும் அதுவே. எனினும் இன்று அது கூரையின்றிச் சிதைந்த சுவர்களாய் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்போர் ஓர் உண்மையை உணர்வர். கட்டடத்தை எழுப்ப அரசின் ஆணை போதும். அதைக் காத்து நிற்க, தாமே விரும்பி உள்ளே வரும் மக்கள் வேண்டும்.