ஊருணியும் உலகநடையும்



ஊருணியை வள்ளுவர் உவமையாக்கியது ஒப்புரவறிதல் அதிகாரத்தில். ஒப்புரவு அறிதலாவது உலகநடை அறிந்து ஒழுகுதல் என்பது பரிமேலழகர் கருத்து. ஊருணியைக் காப்பது எது என்ற வினாவுக்கு அவ்வுரையிலேயே விடை இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு இங்கில்லை. குடிநீர் ஊருணிகளில் முன்னோர் குளிக்கவில்லை, துணி துவைக்கவில்லை, மாடுகளை இறக்கவில்லை. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டே படியிறங்கினர். ‘ஊர் என்ன சொல்லும்?’ என்ற கேள்வியே காவலாக நின்றது. ஐயனார் கோயில் காட்டில் கிளை முறிக்கவும் கை கூசியது. அங்கே தெய்வ அச்சம் பாதி, அயலார் கண் பாதி.

வீட்டு வாசலில் குழாய் நீர் வந்தது; ஊருணிக் கரையில் குடங்கள் குறைந்தன. பார்க்கும் கண்கள் விலகவே, வழக்கும் மெல்ல விலகிற்று. மக்கள் மனம் கெட்டுவிட்டது என்பது முழு உண்மையன்று.

அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தில் 1977-இல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்க்கு ஆண்டுதோறும் பறவைகள் வருகின்றன. அவை கலையாதிருக்கக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஒரு வீட்டில் மட்டும் வெடியில்லையென்றால் பிள்ளை அழும். ஊரிலேயே இல்லையென்றால் அதுவே பெருமையாகிறது.

இதன் மறுபக்கத்தை அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினி 2003-இல் எடுத்துரைத்தார். அரிசோனாவில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் நிறைந்த பூங்கா ஒன்றுண்டு. ‘பலரும் எடுத்துச் செல்வதால் இக்காடு அழிகிறது’ என்ற பலகை வைத்த இடத்தில், ‘எடுக்காதீர்’ என்று மட்டும் வேண்டிய இடத்தைவிடக் களவு மிகுந்தது. ‘பலரும்’ என்ற சொல்லே துணிவு தந்தது. ‘எல்லோரும் குளத்தைப் பாழாக்குகின்றனர்’ என மேடையில் முழங்குவோரும் அறியாமலே பாழாக்குதலை உலகநடையாக்கி விடுகின்றனர்.

2018 நவம்பரில் கஜா புயல் இம்மாவட்டத்தைச் சூறையாடியது. அடுத்த ஆண்டே கொத்தமங்கலம் இளைஞர்கள் குளம் தூர்வார முன்வந்தனர். வெட்டிய மண்ணும் தேங்கிய நீரும் ஊரார் கண்ணுக்குத் தெரிந்தன. நூறு கண்டனங்கள் செய்யாததை அக்காட்சி செய்யும்.

ஆகவே, கெடுப்போரை எண்ணிக் காட்டுவதினும் காப்போரை ஊரறியக் காட்டுவதே நன்று. ஒரு கரையில் பத்துப் பேர் செருப்பைக் கழற்றினால், பதினோராமவர் தாமே குனிவார். ஒப்புரவு அங்கிருந்தே மீளத் தொடங்கும்.