டயருக்கும் ஜோடி வேண்டும்



கோபர்கைரனேயில் பல வீடுகளுக்கு வண்டிதான் சோறு போடுகிறது. டாக்சி, டெம்போ, பள்ளிக்கூட வேன், ஆட்டோ என்று ஏதாவது ஒன்று வாசலில் நிற்கும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து இங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்களிலும் ஓட்டுநர்கள் உண்டு. இன்ஜினைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டயரைப் பற்றி அது பஞ்சர் ஆகும்போதுதான் பேசுவார்கள். ஆனால் காரில் தரையைத் தொடுவது நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் குடும்பமே போகிறது.

நான்கில் ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வது? ஒன்று மட்டும் மாற்றுவதா? இரண்டா? நான்குமா? இன்றைய பேச்சு அதைப் பற்றியது. முதலில் ஒரு கதை கேளுங்கள்.

கோபர்கைரனேயில் தீன் டாக்கி பக்கம் ஒரு டாக்சி ஓட்டுநர் இருந்தார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். பிறந்து வளர்ந்தது தாராவி. கடன் வாங்கி ஒரு டிசையர் கார் வாங்கியிருந்தார். 2025 ஜூலை மாதம். நல்ல மழை. செம்பூரில் சவாரியை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு பள்ளம். பள்ளம் நிறையத் தண்ணீர். ஆழம் தெரியவில்லை. இடது முன் சக்கரம் 'டமார்' என்று விழுந்தது. இறங்கிப் பார்த்தார். டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு குடும்பத்தை ஷீரடிக்கு அழைத்துப் போக வேண்டும். முன்பணமும் வாங்கியாகிவிட்டது. கையில் இருந்தது 9,000 ரூபாய். அதில் மாதத் தவணையும் கட்ட வேண்டும்.

அவருடைய மனைவி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். வீட்டுக் கணக்கு எழுதுவது அவர்தான். இருவரும் தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனார்கள்.

"அண்ணாச்சி, இதை ஒட்டித் தர முடியுமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

கடைக்காரர் கிழிந்த இடத்தை விரித்துப் பார்த்தார். உள்ளே நூல் தெரிந்தது.

"ஒட்ட முடியாது தம்பி. ஆணி ஏறியிருந்தா ஒட்டலாம். அதுவும் தரையில் உருளுற நடுப்பகுதியில் இருக்கணும். ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். பக்கச்சுவர் வேற. சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் அது வளைஞ்சு நிமிருது. அங்கே ஒட்டு நிக்காது. வேகமா போகும்போது வெடிக்கும்" என்றார்.

நண்பர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் கிழிந்தாலும், பலூன் போல வீங்கினாலும் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும். வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். காற்று இல்லாமல் வெகுதூரம் ஓடிய டயரும் அப்படித்தான். வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே நைந்து போயிருக்கும்.

"அப்போ ஒண்ணு புதுசா போட்டுருங்க அண்ணாச்சி" என்றார் ஓட்டுநர்.

"அவசரப்படாதீங்க. மத்த டயரையும் பார்ப்போம்" என்று சொல்லிக் கடைக்காரர் அளவுகோலை எடுத்தார். டயரின் மேல்பகுதியில் கட்டம் கட்டமாக இருக்கிறதல்லவா? அதைப் பட்டன் என்பார்கள். புதிய கார் டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். ஓட ஓடத் தேயும். வலது முன் டயரில் 3 மி.மீ. மிச்சம் இருந்தது. பின் டயர் இரண்டிலும் 5 மி.மீ. இருந்தது. இந்தக் காரை இழுப்பது முன் சக்கரம். திரும்புவதும் முன் சக்கரம். அதனால் முன் டயர் சீக்கிரம் தேய்கிறது.

ஒரு புது டயரை மட்டும் முன்னால் போட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் 8 மி.மீ. மறுபக்கம் 3 மி.மீ. புது டயர் சற்றுப் பெரிய வட்டம். தேய்ந்த டயர் சற்றுச் சிறிய வட்டம். கணக்குப்படி ஒரு சுற்றுக்குச் சுமார் 31 மி.மீ. வித்தியாசம் வரும். இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டர் போக 500 சுற்றுக்கு மேல் சுற்றும். அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 16 மீட்டர் வித்தியாசம். வண்டி நேராகப் போகும்போதும் டிஃபரன்ஷியல் கியர் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். ஈரத்தில் பிரேக் போட்டால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று வழுக்கும்.

ஊரில் ஏர் பூட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரே நுகத்தில் கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் பூட்டுவார்களா? பூட்டினால் ஏர் நேராகப் போகாது. டயரும் அப்படித்தான். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஜோடியாக இருக்க வேண்டும். அளவு, வகை, பட்டன் வடிவம், தேய்மானம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் டயர் என்று ஒருபோதும் போடக் கூடாது.

"அப்போ நாலையும் மாத்தணுமா? நாலு டயருக்கு 16,000 ஆகுமே!" என்று மனைவி பதறினார்.

"வேண்டாம்மா. பின்னாடி இருக்கிற ரெண்டும் நல்லா இருக்கு. ரெண்டு வாங்கினா போதும்" என்றார் கடைக்காரர்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதைக் கேட்டு ஓட்டுநருக்கு ஆச்சரியம். "புது டயர் ரெண்டையும் பின்னாடி போடணும். பின்னாடி இருக்கிற ரெண்டும் முன்னாடி வரணும்."

"என்ன அண்ணாச்சி! வண்டியை இழுக்கிறது முன் சக்கரம். புதுசு அங்கேதானே போடணும்?"

பல ஓட்டுநர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். சில கடைகளிலும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். ஆனால் டயர் செய்பவர்கள் சொல்வது வேறு. நல்ல ஜோடி பின்னால் இருக்க வேண்டும். ஏன்?

மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்கும். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். டயர் தேய்ந்திருந்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். தரையைத் தொடாது. முன் சக்கரம் அப்படி வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும். ஓட்டுநரின் கைக்குத் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறையும். மெல்ல மெல்லப் பிடி திரும்பும். பின் சக்கரம் வழுக்கினால் அப்படி இல்லை. அது முன்கூட்டிச் சொல்லாது. வண்டியின் வால்பக்கம் சட்டென்று முன்னால் சுழன்று வரும். எவ்வளவு பழகிய ஓட்டுநரானாலும் சமாளிப்பது கடினம். முன் சக்கரம் இழுக்கும் வண்டியானாலும், பின் சக்கரம் தள்ளும் வண்டியானாலும் இதே விதிதான்.

மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. "ஸ்டெப்னி ஓடவே இல்லையே. அதையே ஒண்ணாப் போட்டுக்கிட்டு, ஒரே ஒரு டயர் வாங்கினா என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஸ்டெப்னி புதியதாக, அதே அளவாக, அதே வகையாக இருந்தால் அப்படிச் செய்யலாம். காசு மிச்சமாகும்.

கடைக்காரர் ஸ்டெப்னியைத் திருப்பிக் காட்டினார். பக்கச்சுவரில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன. "படிங்கம்மா" என்றார்.

"ஒண்ணு, எட்டு, ஒண்ணு, ஒன்பது" என்று படித்தார் மனைவி.

முதல் இரண்டு எண்கள் வாரத்தைக் குறிக்கும். அடுத்த இரண்டு எண்கள் ஆண்டைக் குறிக்கும். 1819 என்றால் 2019-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். டயர் பிறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது! ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். அந்த ஸ்டெப்னியில் முடி போல வெடிப்புகள் இருந்தன. ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரையும் ஓட்டக் கூடாது. அந்தப் பழைய ஸ்டெப்னியைக் கழித்தார்கள். 3 மி.மீ. மிச்சமிருந்த டயர் ஸ்டெப்னி ஆயிற்று.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904-இல் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அவர்களுடைய கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருவின் பெயரே சக்கரத்துக்குப் பெயராகி நம் ஊர் வரை வந்துவிட்டது.

கதைக்கு வருவோம். பஞ்சர் கடையில் புது டயர் இல்லை. இருவரும் டயர் கடைக்குப் போனார்கள். அங்கே ஒரு ஜோடியை ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பளபளவென்று இருந்தது. மனைவி குனிந்து எண்ணைப் படித்தார். 4020. "இது 2020-லயே செஞ்சது. எங்களுக்கு வேண்டாங்க" என்றார். கடைக்காரர் பேசாமல் உள்ளே போனார். 1225 என்ற எண் உள்ள ஜோடியைக் கொண்டுவந்தார். அது அந்த வருடமே மார்ச் மாதம் செய்தது. இரண்டுக்கும் 8,000 ரூபாய் கொடுத்தார்கள்.

அளவையும் பார்த்துத்தான் வாங்கினார்கள். அவர்கள் வண்டிக்கு உரிய அளவு 165/80 ஆர் 14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு, அங்குலத்தில். உங்கள் வண்டிக்குரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். காற்று எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். காற்று குறைந்தால் டயர் அதிகம் வளையும், சூடாகும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

டயர் மாட்டியபின் வீல் பேலன்சிங் செய்தார்கள். பள்ளத்தில் விழுந்த வண்டி அல்லவா? ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, அலைன்மென்ட்டும் செய்தார்கள். தவணைக்குக் கொஞ்சம் பணம் குறைந்தது. ஷீரடி சவாரியில் அது வந்துவிடும் என்று மனைவி கணக்குப் போட்டார்.

மறுநாள் சம்ருத்தி நெடுஞ்சாலையில் வண்டி ஓடியது. மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் அந்தச் சாலையின் நீளம் 701 கிலோமீட்டர். அதன் முதல் பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2025 ஜூனில் முழுவதும் திறக்கப்பட்டது. அங்கே கார் 120 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். 2023-இல் அந்தச் சாலையில் விபத்துகள் பல நடந்தன. அப்போது போக்குவரத்து அதிகாரிகள் நுழைவாயிலில் டயர்களைச் சோதித்தார்கள். மொட்டை டயரோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

எவ்வளவு தேய்ந்தால் மொட்டை? சட்டம் அதற்கும் அளவு சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, அதில் 94-ஆவது விதி. கார் டயரில் பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் 0.8 மி.மீ. இதைப் பார்க்க அளவுகோல் தேவையில்லை. கார் டயரில் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சிறு திட்டுகள் இருக்கும். பக்கச்சுவரில் அதற்கு நேராக ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

சொன்னதைச் சுருக்கமாக மீண்டும் பார்ப்போம்.

ஒன்று: நான்கு டயரும் ஏறக்குறையப் புதியவை. ஒன்று மட்டும் கெட்டது. அதே அளவு, அதே வகையில் ஒன்று வாங்கினால் போதும்.

இரண்டு: மற்றவை பாதி தேய்ந்தவை. அப்போது ஜோடியாக இரண்டு வாங்குங்கள். புது ஜோடியைப் பின்னால் போடுங்கள்.

மூன்று: எல்லாமே முடிவை நெருங்கிவிட்டன. அப்போது நான்கையும் மாற்றுங்கள்.

நான்கு: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சில உண்டு. அதற்கு நான்கு டயரும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கியர்கள் கெடும். வண்டியின் புத்தகத்தில் சொன்னபடி செய்யுங்கள்.

ஐந்து: வாங்கும் முன் அளவையும் தேதி எண்ணையும் நீங்களே படியுங்கள்.

தேவைக்கு மேல் நான்கு டயர் வாங்கினால் பணம் போகும். ஒன்றே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் உயிர் போகலாம். எது தேவை என்பதை டயரே சொல்கிறது. அதன் பக்கச்சுவரில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

இன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் நிற்கும் வண்டியின் அருகே உட்காருங்கள். நான்கு டயரிலும் நான்கு எண்களைத் தேடுங்கள். சில டயர்களில் அது உட்பக்கம் இருக்கும். குனிந்துதான் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு ஓட்டுநருக்கும் சொல்லிக்கொடுங்கள்.